பொன்னுருவி மனம் மாற ஒரு சாமம்

கர்ண மோட்சக் கூத்தில் பொன்னுருவியின் மனம் மாற ஒரு சாமம் முழுக்கப் பிடிக்கும். பதினேழாம் நாள் போருக்குக் கிளம்பும் கர்ணன், மனைவியிடம் சொல்லிக்கொண்டு போக வருகிறான். அவளோ அரசகுமாரி. தேரோட்டி வளர்த்த பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டோமே என்ற கசப்பைத் தாலி ஏறிய நாளிலிருந்து சுமப்பவள். வந்து நிற்கிறவனைப் பார்த்து, உன் குலம் என்ன, உன்னைப் பெற்றவள் யார் என்று கேட்கிறாள். அவன் கெஞ்சுகிறான், சினக்கிறான், மறுபடி கெஞ்சுகிறான். கடைசியில், தான் குந்தி பெற்ற பிள்ளை என்று தனக்கே அண்மையில்தான் தெரியவந்த உண்மையைச் சொல்கிறான். அந்த ஒரு வார்த்தையில் அவள் அதுவரை வாழ்ந்த வாழ்க்கை மொத்தமும் தப்பாகிப் போகிறது. அவள் அழும்போது கூத்து ஆடும் களரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். சாகப்போகிற கர்ணனுக்காக மட்டுமல்ல, இத்தனை வருஷத்தை வெறுப்பிலேயே கழித்துவிட்ட அவளுக்காகவும்தான்.

பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்திலிருந்து இந்தக் காட்சியைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் அப்பா மயிலம் பக்கத்தில் ஒரு கூத்து ஜமாவில் ஆர்மோனியம் வாசித்தார். நான் படித்துத் தமிழாசிரியை ஆகி, திண்டிவனத்தைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். இப்போது விளக்கு வைத்ததும் வீட்டில் சீரியல் தொடங்கிவிடுகிறது. நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். மருமகளின் பாலில் விஷம் கலந்த மாமியார் ஒரு விளம்பர இடைவேளைக்குள் திருந்தி, அவளை மடியில் போட்டுத் தாலாட்டுகிறாள். இரண்டு வாரம் கழித்து, எந்தக் காரணமும் இல்லாமல், பழையபடி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சதி செய்கிறாள். கதையில் வருகிற மனிதர் எப்போது வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாறலாம் என்பது தமிழர்களின் பழைய வழக்கம் அல்ல. எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் கதை சொல்லி வந்த விதத்தைப் பின்னோக்கிப் பார்த்தால், இது நேற்று வந்த வழக்கம். அது எந்த வழியாக வந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

*

தென்னார்க்காட்டிலிருந்து 1993-ல் பிரிந்ததுதான் விழுப்புரம் மாவட்டம். ஆனால் பெண்ணையாற்றங்கரை நாடாகிய இந்தப் பகுதிக்குத் திருமுனைப்பாடி என்ற பழம்பெயர் உண்டு. தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் அந்த நாட்டுச் சனியூரில் பிறந்தவர் என்பார்கள். வக்கபாகை வரபதி ஆட்கொண்டான் அவரை ஆதரித்தவன். பத்துப் பருவங்களில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களாக அவர் செய்த பாரதம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. பங்குனி பிறந்தால் ஆடி வரை திண்டிவனம், செஞ்சி, விக்கிரவாண்டி, விழுப்புரம் என்று இந்தப் பக்கத்தில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பிரசங்கியார் பந்தலில் உட்கார்ந்து வில்லியின் விருத்தத்தைப் பாடிப் பொருள் விரிப்பார். அதே கதையை ராத்திரி ஜமாக்காரர்கள் ஆடுவார்கள். மழை பொய்த்த வருஷங்களில் விராட பருவம் படித்தால் மழை இறங்கும் என்று நம்பினார்கள்.

செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிக் கோயில்தான் திரௌபதிக்கு மூலக் கோயில் என்பது இந்தப் பகுதி மக்களின் நம்பிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் செஞ்சியை மையமாக வைத்துத் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரிய நூலின் முதல் தொகுதி 1988-லும் இரண்டாம் தொகுதி 1991-லும் வந்தன. ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990-ல் தெருக்கூத்தைப் பாரத அரங்கு என்றே விவரித்து ஒரு நூல் எழுதினார். கர்ண மோட்ச நாடகத்தை ஹன்னே டி புருயின் மொழிபெயர்க்க, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1998-ல் வெளியிட்டது. படிக்காத பாமரர் ஆட்டம் என்று நம் பள்ளிக்கூடங்கள் ஒதுக்கிவைத்த கூத்தை உட்கார்ந்து எழுத வெளியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. மனிதர்களைக் கட்டும் வேலை அதில் அவ்வளவு நுட்பமாக நடக்கிறது.

ஊர்ப் பணத்துக்குத் தக்கபடி ராத்திரிகளின் எண்ணிக்கை கூடும், குறையும். வரிசை மட்டும் பெரும்பாலும் இதுதான்: வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கீசகன் வதை, மாடுபிடி சண்டை, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். எல்லோருக்கும் கதை தெரியும். யார் சாவார், யார் ஜெயிப்பார் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆகவே அடுத்து என்ன நடக்கும் என்று காட்டி யாரையும் பிடித்து உட்காரவைக்க முடியாது. தெரிந்த முடிவுக்கு ஒரு மனிதன் எப்படி வந்து சேர்கிறான் என்பதைக் காட்டித்தான் விடியும் வரை உட்காரவைக்க வேண்டும்.

துகில் ராத்திரியில் அவிழும் திரௌபதியின் கூந்தலைப் பாருங்கள். இனிக் கூந்தலை முடியமாட்டேன் என்று அவள் எடுக்கும் சபதம் நிறைவேற இன்னும் எத்தனையோ கூத்து இருக்கிறது. ஒருநாள் திரௌபதி கட்டியவர் மறுநாள் வேறு வேஷம் கட்டுவார். சில ஜமாக்களில் வயசான ஒருவரும் மீசை அரும்பாத ஒரு பையனும் மாறி மாறிக் கட்டுவார்கள். யார் கட்டினாலும் திரௌபதி அன்று பட்ட அவமானத்தை மறந்தவளாக ஒரு தரு, அதாவது ஒரு பாட்டு கூடப் பாடமாட்டாள். பதினெட்டாம் போர் முடிந்த காலையில், மண்ணால் பெரிதாகச் செய்து படுக்கவைத்த துரியோதனன் உருவத்தின் முன்னால் படுகளச் சடங்கு நடந்து, கூந்தல் முடிந்த பிறகுதான் தீமிதி. ஒரு பெண்ணின் கோபத்துக்கு ஊரே அத்தனை நாள் காத்திருந்தது. இந்தக் கதையில் அந்தக் கோபத்துக்கு மறதி கிடையாது.

அர்ச்சுனன் தபசு இன்னொரு பாடம். உயரமான மரத்தை நட்டு, அதில் படிகள் அடித்து, உச்சியில் உட்கார இடம் கட்டுவார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடி ஏறுவார். கீழே பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் ஈரப் புடவையோடு மடியேந்தி நிற்பார்கள். மேலே இருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் விழும். வில்லாளி தவசியாக மாறினான் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கூத்து அப்படிச் செய்யவில்லை. மாறுகிற மனிதன் ஏறவேண்டிய படியை எண்ணிக் காட்டியது.

பொன்னுருவிக்கும் அப்படிப் படிகள் உண்டு. அப்பாவின் ஜமாவில் அந்த வேஷம் கட்டியவர் பகலில் கரும்பு வெட்டப் போகிற ஒரு கூலிக்காரர். முதல் தருவில் கர்ணனுக்கு முதுகைத்தான் காட்டுவார். கர்ணன் வசனம் பேசும்போது தோழி வேஷக்காரரோடு பேசுவதுபோல் கையை அசைத்துக்கொண்டிருப்பார், அவன் பேச்சு காதில் விழவே இல்லை என்பது மாதிரி. அடுத்த விருத்தத்தில் தோள் மட்டும் திரும்பும். கர்ணன் தன் பிறப்பைச் சொல்லத் தொடங்கும்போது கை அசைவு நின்றுவிடும். ஆர்மோனியத்தில் அப்பா சுதியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார், முகவீணைக்காரர் ஊதுவதை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகும் உடனே திரும்பமாட்டார். முகம் முழுதாகக் கர்ணன் பக்கம் வரும்போது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அரிதாரம் கண்ணீரில் கோடு கோடாகக் கரைந்திருக்கும். நான் சின்னப் பெண். கல்யாணம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் தான் செய்த தப்பு ஒருத்திக்குத் தெரியவரும்போது அவள் உடம்பு எப்படி இருக்கும் என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

இதற்கு நேர் எதிர் துரியோதனன். அவன் கடைசி வரைக்கும் திருந்துவதே இல்லை. பதினெட்டாம் போர் ராத்திரியில் தம்பிகளை எல்லாம் பறிகொடுத்துத் தன்னந்தனியாக வருகிறான். அப்போதும் பாண்டவருக்கு ஊசிமுனை நிலம் தரமாட்டேன் என்பவன்தான். ஆனாலும் அவனுக்காக ஊர் அழுகிறது. படுகளத்தில் துரியோதனன் வீட்டுப் பெண்களின் ஒப்பாரி எழும்போது, அவன் தொடை பிளக்க வேண்டும் என்று அத்தனை நாள் காத்திருந்த கிழவிகளே கூடச் சேர்ந்து அழுவார்கள். கெட்டவன் மீது இரக்கம் வரவேண்டுமானால் அவனை நல்லவனாக்க வேண்டியதில்லை என்று கூத்துக்குத் தெரிந்திருந்தது. அவனுடைய இழப்பைக் காட்டினால் போதும்.

இதையெல்லாம் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பான். ராஜா சொன்ன சொல் மாறினால் கேட்பான். முன்னால் சொன்னதும் இப்போது சொல்வதும் பொருந்தவில்லையே என்று நம் சார்பில் மடக்குவான். கதை சொல்கிறவர்களைக் கேள்வி கேட்கும் ஆளைக் கதைக்கு உள்ளேயே வைத்திருந்தார்கள் நம் முன்னோர்.

*

கூத்துக்கு அடுத்து வந்தது கொட்டகை நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் கூத்தின் தருவையும் விருத்தத்தையும் எடுத்து மேடைக்கு ஏற்றபடி ஒழுங்கு செய்தார். கடைசிக் காலத்தில் புதுச்சேரியில் இருந்து 1922-ல் அங்கேயே மறைந்தார். அவர் வழியில் ஊர் ஊராகப் போன கம்பெனிகளும் ஸ்பெஷல் நாடகங்களும் அரிச்சந்திரனையும் வள்ளியையும் கொண்டுவந்தன. பிறகு டூரிங் டாக்கீஸ்.

கர்ணன் கதை சினிமாவுக்குப் போனபோது நடந்த ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' 1964 பொங்கலுக்கு வந்தது. கர்ணனாக நடித்த சிவாஜி கணேசன் விழுப்புரத்தில் பிறந்தவர் என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனிப் பெருமை. அந்தப் படத்தில் பொன்னுருவி இல்லை. தேவிகா நடித்த சுபாங்கி கர்ணனை விரும்பி மணந்தவள். பிறப்பைச் சொல்லிக் குத்துகிற வேலை அவளுடைய தகப்பன் தலையில் போய் விழுந்தது. படம் நெஞ்சை உருக்கும் படம்தான், நானும் எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன். ஆனால் கட்டியவனை வெறுக்கிற மனைவி, தன் வெறுப்பு தவறு என்று கண்டு உடைந்துபோகும் அந்தக் கடினமான காட்சி அங்கே கைவிடப்பட்டது. கதாநாயகனின் மனைவி அன்பானவளாகத்தான் இருக்க வேண்டும் என்ற சினிமாவின் கட்டாயம் அது. நல்லவர் ஒரு பக்கம், கெட்டவர் மறு பக்கம் என்று பிரித்து வைப்பது அதற்குப் பிறகு சுலபமாகிப் போனது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. எங்கள் கிராமங்களில் பெட்டி வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' 1988 அக்டோபரிலிருந்து 1990 ஜூன் வரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஓடியபோது, பெட்டி இருந்த வீட்டுத் திண்ணையில் ஊரே கூடியது. வசனம் இந்தி. எங்கள் ஊரில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் சபையில் துரியோதனன் தொடையைத் தட்டியதும் இங்கே திண்ணையில் சாபம் விழுந்தது. கூத்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. 94 பகுதிகள் ஒரு கதையைத் தொடர்ந்து பார்க்கும் பொறுமையும் அந்தப் பழக்கத்திலிருந்தே வந்தது.

அந்தக் காலத்துத் தமிழ்த் தொடர்கள் வாரத்துக்கு ஒருநாள் வந்தன. கே. பாலசந்தரின் 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு' போன்றவற்றுக்கு ஆரம்பமும் முடிவும் முன்கூட்டியே இருந்தன. எழுதுகிறவருக்கு, தன் பாத்திரம் கடைசியில் எங்கே போய் நிற்கப்போகிறது என்பது தெரியும். பொன்னுருவி வேஷக்காரருக்கு விடியலில் என்ன ஆகும் என்று தெரிந்திருந்ததைப் போல.

சன் தொலைக்காட்சி 1993 தமிழ்ப் புத்தாண்டில் வந்தது. அதே ஆண்டில்தான் விழுப்புரமும் மாவட்டமானது. 1999-ல் தொடங்கிய 'சித்தி' தினசரித் தொடரை வீட்டு வழக்கமாக்கியது. மூத்தாள் பிள்ளையைச் சித்தி கொடுமைப்படுத்துவாள் என்ற பழைய அச்சை மாற்றி, ராதிகாவின் சாரதாவை அன்பான சித்தியாக நிறுத்தியது. 2002-ல் திருமுருகனின் 'மெட்டி ஒலி' வந்தது. ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவாக டெல்லி குமார். ஒவ்வொரு பெண்ணின் புகுந்த வீட்டிலும் வேறுவேறு கஷ்டம், வேறுவேறு காரணம். எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் நாங்கள் விவாதித்தது அடுத்த திருப்பத்தைப் பற்றி அல்ல, மூத்த மருமகன் தன் அம்மா பேச்சைத் தட்டமுடியாமல் ஏன் இப்படி இருக்கிறான் என்பதைப் பற்றி. அந்த மாதிரி மகன் எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இருந்தான்.

2003 நவம்பரில் தொடங்கிய திருச்செல்வத்தின் 'கோலங்கள்' 2009 டிசம்பர் வரை ஓடியது. 1533 எபிசோடுகள். இதற்கு நடுவே 2006-ல் ஆட்சிக்கு வந்த கலைஞர் அரசு வீட்டுக்கு ஒரு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. கூரை வீட்டிலும் பெட்டி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் கூத்து தொடங்கும் நேரமே பின்னால் தள்ளிப்போயிற்று. சீரியல் முடிந்துதான் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்கு வருகிறார்கள், அதற்கு மேல் திரை கட்டினால் போதும் என்று கூத்து வாத்தியார்களே சொல்லத் தொடங்கினார்கள்.

*

தினசரித் தொடரில் மனிதர்கள் ஏன் இப்படித் திடீர் திடீரென்று மாறுகிறார்கள்? எழுதுகிறவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் நினைக்கவில்லை. வேலை நடக்கிற விதம் அப்படி. கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர். வாரா வாரம் வியாழக்கிழமை டிஆர்பி வருகிறது. 2015-லிருந்து பார்க் இந்தியா என்ற அமைப்பு அதைக் கணக்கிடுகிறது. எண் இறங்கினால் ட்ராக்கை மாற்று என்று உத்தரவு வரும். வில்லி நடிகையைப் பார்வையாளர்களுக்குப் பிடித்துவிட்டால் அவளை நல்லவளாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நல்லவளாகிவிட்டால் சண்டை இல்லாமல் கதை ஓடாது, ஆகவே மறுபடி கெட்டவளாக்க வேண்டும். முடிவு என்று ஒன்று எழுதப்படவே இல்லை என்பதால், எந்தப் பாத்திரமும் எதை நோக்கியும் போகவில்லை. அன்றைய எபிசோடின் கடைசி க்ளோசப் வரைக்கும்தான் அவர்களுக்கு ஆயுள்.

பல கதைகள் வங்காளத்திலிருந்தும் இந்தியிலிருந்தும் வருகின்றன. வந்ததில் தவறில்லை. 2020-ல் தொடங்கிய 'பாக்கியலட்சுமி' வங்காளத்து 'ஸ்ரீமொயீ'யின் தழுவல்தான். ஆனால் அதன் தொடக்க காலத்தில் அந்தக் குடும்பத் தலைவி மாறிய விதம் எங்கள் பெண்களை உட்காரவைத்தது. சமையல்கட்டில் தெரிந்த வேலையை வைத்துச் சம்பாதிக்கக் கற்றுக்கொள்கிறாள், சம்பாத்தியம் வந்ததும் பேச்சில் ஒரு நிமிர்வு வருகிறது. நிமிர்வுக்குக் காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அதனால் நம்பினோம்.

2022-ல் வந்த 'எதிர்நீச்சல்' இன்னொரு சான்று. கோலங்கள் திருச்செல்வம்தான் இதையும் இயக்கினார். வீட்டுக்கு வந்த நான்கு மருமகள்களின் படிப்பையும் வேலையையும் சமையல்கட்டுக்குள் பூட்டிவைக்கும் ஆதி குணசேகரனாக ஜி. மாரிமுத்து நடித்தார். அந்த ஆள் திருந்தமாட்டான் என்பது தெரிந்துதான் மக்கள் பார்த்தார்கள். சொத்து, கௌரவம், ஆம்பிளை என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்து உருவான ஆள் அவன். மாரிமுத்து 2023 செப்டம்பரில் திடீரென மறைந்தபோது எங்கள் தெருவில் சொந்தக்காரர் போனதுபோலப் பேசிக்கொண்டார்கள். பிறகு அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் எழுத்து ஓடுவதை ஏற்றுக்கொள்வதில் நம் மக்களுக்குச் சிரமம் இருந்ததே இல்லை. வேஷம் கட்டுபவர் மாறுவார் என்பது கூத்துக் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. முகம் மாறினால் பொறுத்துக்கொள்வார்கள். அதே முகத்துக்குள் ஆளை மாற்றினால்தான் தாங்க முடியாது.

எங்கள் அத்தை, அதாவது என் கணவரின் தாயார், எழுதப் படிக்கத் தெரியாதவர். பாரதம் அத்தனையும் கூத்துப் பார்த்தே மனப்பாடம். ஒருநாள் ஒரு தொடரில் கொழுந்தனைக் கொல்ல ஆள் அனுப்பிய ஒரு பெண், மறுநாள் அவனுக்கே ராக்கி கட்டி அண்ணா என்று அழுதாள். அத்தை என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இவ நேத்து இன்னா பண்ணா, இன்னிக்கு இன்னா பேசறா? நடுவுல இன்னா நடந்துச்சும்மா? நான் கண்ணசந்துட்டனா?"

"இல்ல அத்தை. நடுவுல ஒண்ணும் காட்டல."

"காட்டலன்னா அவளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது, திருந்தணும்னு?"

இதைவிடச் சரியான கேள்வியை நான் எந்த விமர்சனத்திலும் படித்ததில்லை. கட்டியங்காரன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. சீரியலில் கட்டியங்காரன் இல்லாததால் அத்தை கேட்டார்.

*

நடுவில் காட்டாமல் விடுவது எதை என்று யோசித்தால் இன்னும் ஆழமான ஒரு குறை தெரிகிறது. பொன்னுருவியின் வெறுப்புக்குக் காரணம் பிறப்பு. நீ எந்தக் குலம் என்ற கேள்வி. இந்த மாவட்டத்தில் அந்தக் கேள்வி கதையோடு முடிந்துபோனதல்ல. விழுப்புரத்துக்குப் பக்கத்து மேல்பாதி கிராமத்துத் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சமூகத்தினர் போய் வழிபட எதிர்ப்பு எழுந்து, 2023 ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். கர்ணனைப் பிறப்பு கேட்டு அவமதித்தது பாவம் என்று ராத்திரி முழுக்கச் சொல்லும் கதைக்கு உரிய அம்மன் கோயில் வாசலிலேயே இது நடந்தது. இந்த வெட்கத்தை மறைத்துவிட்டுக் கூத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. பெண்களுக்கும் களரியில் நெடுங்காலம் இடம் இல்லாமல்தான் இருந்தது. பொன்னுருவியின் வேதனையை ஆண்களே ஆடினார்கள். காஞ்சிபுரத்தில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்தின் குருகுலத்தில் பெண்பிள்ளைகள் வேஷம் கட்டக் கற்றுக்கொண்டது இந்த நூற்றாண்டில்தான்.

ஆனால் கூத்து அந்தக் கேள்வியைக் கதைக்கு நடுவில் வைத்தது. அவளுடைய வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததால்தான் அது எப்போது உடையும் என்பதும் தெரிந்தது. சீரியல் வீடுகளுக்கு ஊர் இல்லை, சாதி இல்லை. வாசலில் கார் நிற்கும், என்ன தொழில் என்று கேட்டால் பிசினஸ் என்பார்கள். கடன்பட்டவர் வட்டி கட்டுவதைப் பார்க்க முடியாது. கரும்பு ஆலையில் பணம் நிலுவை என்று ஒரு விவசாயி வீட்டில் சோறு இறங்காமல் போன ராத்திரியைப் பார்க்க முடியாது. திண்டிவனத்திலிருந்து விடியற்காலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்பும் பெண்ணுக்கும் அவள் மாமியாருக்கும் நடுவே நிஜமாகவே என்ன பிரச்சினை என்பதைப் பார்க்க முடியாது. மனிதரை மனிதராக்கும் இந்த வேர்களையெல்லாம் பிடுங்கிவிட்டால், அவர் மாறுவதற்கும் காரணம் கிடைக்காது, மாறாமல் இருப்பதற்கும் காரணம் கிடைக்காது. மிஞ்சுவது விஷமும் ஆள்கடத்தலும் மறதி நோயும்தான்.

இது வெறும் ரசனைக் குறை என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் புகுந்த வீட்டில் அடிபட்டு வந்த பழைய மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். பொறுத்துப் போனால் ஒருநாள் அவர் மாறிவிடுவார் டீச்சர் என்பார்கள். எதனால் மாறுவார் என்று கேட்டால் பதில் இருக்காது. காரணமே இல்லாமல் மனிதர் திருந்துவார்கள் என்ற நம்பிக்கையைத் தினமும் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டினால், அந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பவர்கள் இந்தப் பெண்கள்தான். துரியோதனன் திருந்தமாட்டான் என்று சொன்ன கூத்து, பெண்களுக்கு அதைவிட உண்மையான துணையாக இருந்தது. திருந்துகிறவளாகக் காட்டிய பொன்னுருவிக்கும் அது சுலபமான வழி கொடுக்கவில்லை. தெரிந்துகொள்ள நேர்ந்தது, தெரிந்ததற்கு அவள் அழவேண்டி வந்தது, அழுதும் கர்ணன் திரும்பி வரவில்லை.

தினம் ஒரு எபிசோட் என்ற அவசரத்தில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று தொடர்களில் வேலை செய்பவர்கள் கேட்கலாம். நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதினெட்டு ராத்திரி கூத்து வைத்தாலும், ராத்திரிக்கு எட்டு மணி நேரம் என்றால் 144 மணி நேரம். அதற்குள் பாரதம் முழுதும் அடங்குகிறது. 1533 எபிசோட் ஓடிய ஒரு தொடரில், விளம்பரம் போக எபிசோடுக்கு இருபது நிமிஷம் என்று வைத்தாலும் 500 மணி நேரத்துக்கு மேல் வரும். உலகத்தில் எந்த நாடகாசிரியருக்கும் இவ்வளவு நீண்ட களரி கிடைத்ததில்லை. எந்த ஜமா வாத்தியாருக்கும் இவ்வளவு விசுவாசமான கூட்டமும் கிடைத்ததில்லை. மழை வந்தாலும் எழுந்து போகாத கூட்டம் இது, தன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே தொடர் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு பாத்திரத்தை எழுதத் தொடங்குமுன் அது எந்த ஊர், என்ன வேலை, யாரிடம் கடன், எதற்கு வெட்கப்படுகிறது, யாரை வெறுக்கிறது, ஏன் வெறுக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிவையுங்கள். வியாழக்கிழமை எண் எப்படி வந்தாலும் அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். அது மனம் மாற வேண்டுமானால், மாறுவதற்கு முன்னால் அதற்கு ஏதாவது தெரியவரட்டும். மாறியதற்கு அது ஏதாவது இழக்கட்டும். முடிந்தால் ஒரு கோடையில் செஞ்சிப் பக்கம் வந்து, கர்ண மோட்சம் விடுகிற ஊரில் விடியும் வரை உட்காருங்கள். பொன்னுருவி பக்கம் கண்ணை வையுங்கள், அவளைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களையும் பாருங்கள். உங்கள் தொடரைத் தினமும் பார்ப்பவர்கள் இவர்கள்தான். மனிதர் மாறுவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்கள், அதைச் சொல்லும் கதைக்காக எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் கண் விழிப்பவர்கள். அவர்களுக்கு இதைவிடக் குறைவாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.